துளை போட்ட வாரம்

போட்டோ எடுக்கும் நாளுக்கு முந்தின நாள் மொட்டையடித்துக்கொண்ட ஆளின் நிலைமை எப்படி இருக்கும்? தரைக்காரரின் நிலைமையும் அதேதான். அவர் மொட்டையடித்தது தன் தலையை அல்ல, ஒரு கோல்ஃப் மைதானத்தின் பதினெட்டு கிரீன்களை. இரண்டில் தலையே தேவலை. தலை என்றால் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு சமாளித்துவிடலாம்.

தரைக்காரர் என்பது அவர் பார்க்கும் வேலை. கடலிலிருந்து நாலு மணி நேரம் உள்ளே தள்ளி, மரமும் குளமுமாக இருக்கும் அந்த மைதானத்தில் புல்லுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அவருக்குக் கீழே ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரைக் 'கட்டைவிரல்' என்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. எந்த வேலைக்கும் மனுஷன் காலண்டரைப் பார்த்ததே கிடையாது. குனிந்து கிரீனில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். தண்ணீர் விடுவதா வேண்டாமா, உரம் போடுவதா கூடாதா, எல்லாம் அந்த விரல் சொல்வதுதான் சட்டம்.

கிரீன் என்றால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டியிருக்கும் புல்தரை. பந்து அதில் உருண்டு போய்த்தான் குழியில் விழ வேண்டும். சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் பந்து கோணிக்கொண்டு போகும். போனால், ஆடியவர் தன் கையைப் பார்க்க மாட்டார், தரைக்காரர் எங்கே என்றுதான் பார்ப்பார்.

வருஷத்துக்கு ஒரு தரம் கிரீன்களுக்குத் துளை போட வேண்டும். மண் இறுகிப் போனால் வேருக்கு மூச்சு முட்டும். விரல் கனத்துக்குக் குழல்கள் வைத்த ஒரு யந்திரம் மண்ணைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போகும். ஒரு கிரீனுக்கு லட்சம் துளைக்குக் குறையாது. பிறகு அதில் மணலைக் கொட்டித் தேய்த்து நிரப்புவார்கள். முடிந்த அன்று கிரீனைப் பார்க்கச் சகிக்காது. பழையபடி ஆற மூன்று வாரம், சில சமயம் நாலு வாரம் பிடிக்கும்.

இதில் சாம்பியன்ஷிப் எங்கே வந்தது என்றால், அது வரவேயில்லை, அதுதான் விஷயம். நாட்டிலேயே பெரிய அந்தப் போட்டி ஒன்பது வருஷமாகக் கடற்கரை மைதானத்தில்தான் நடக்கிறது. அங்கே மரம் கிடையாது, மணல்மேடும் காற்றும்தான். அடித்த பந்தைக் காற்று எங்கே கொண்டு போய்ப் போடும் என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் திண்டாடுவதைப் பார்க்க அவ்வளவு கூட்டம். தரைக்காரரின் மைதானத்துக்கு வருஷா வருஷம் வருவது ஒரு கடிதம் மட்டும். 'நீங்கள் மாற்று இடங்களில் ஒன்று. கடற்கரையில் ஏதாவது ஆனால் பார்க்க வருவோம். நாங்கள் விடுவிக்கும்வரை கிரீன்களில் கை வைக்க வேண்டாம்.' போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இன்னொரு கடிதம் வரும். 'உங்கள் இடம் தேவைப்படவில்லை, விடுவித்தோம், நன்றி.' ஒன்பது வருஷமாக இதே கூத்து.

இந்த வருஷம் விடுவிக்கும் கடிதத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே நல்ல மழை பெய்து, இரண்டு நாள் இளவெயிலும் அடித்தது. தரைக்காரர் ஏழாவது கிரீனில் குனிந்து அழுத்தினார். கட்டைவிரல் நகக்கண் வரை இறங்கிவிட்டது. துளை போட இதைவிட நல்ல பதம் கிடையாது.

"கடிதம் வரட்டுமே," என்றார் அந்த ஒன்பது பேரில் யந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்.

"மண்ணு கடிதம் படிக்குமா? யந்திரத்தை எடுங்க."

மூன்றே நாளில் பதினெட்டையும் குத்தி மணல் போட்டு முடித்தார்கள். தரைக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனைவி கொடுத்த வெந்நீரில் குளித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அதற்கு இரண்டு நாள் கழித்துக் கடலில் புயல் வந்தது.

காலையில் டிவியில் காட்டினார்கள். மணல்மேடுகளைக் காணோம். பதினைந்தாவது, பதினாறாவது, பதினேழாவது கிரீன்கள் இருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கொடிக்கம்பம் மட்டும் சாய்ந்து நின்றது. மிச்ச இடமெல்லாம் உப்புத் தண்ணீர்.

அந்த மைதானத்தின் தரைக்காரர் வேறு யாருமில்லை, இவர் மனைவியின் அண்ணன். அதாவது மச்சான்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தொழிலில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. "உங்க தோட்டம் எப்படி இருக்கு மாப்பிள்ளை, பூ பூத்துச்சா?" என்பார் மச்சான். "உங்க மணல்ல ஒட்டகம் நல்லா மேயுதா?" என்பார் இவர். சிரிப்பார்கள். ஆனால் ஒன்பது வருஷமாகக் கோப்பை கொடுக்கும் அன்று டிவியில் மச்சான் ஓரமாக நின்று கைதட்டு வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். தாகமே இருக்காது.

அன்று காலை டிவி முன்னால் நின்றபோது அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைத்துப் பயனில்லை, சந்தோஷம்தான். 'இனி இங்கேதானே வந்தாகணும்' என்று மனசுக்குள் ஒரு குரல் துள்ளிக் குதித்தது. அடுத்த நொடியே, சீ, நானும் ஒரு மனுஷனா என்று கூசிப்போனார். அதற்கும் அடுத்த நொடிதான் துளைகள் ஞாபகத்துக்கு வந்தன.

சரியாக அப்போது போன் அடித்தது. மச்சான்.

அவர் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? ஐயோ பாவம் என்றால் அது பொய். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதைவிடக் கேவலம். போன் அடித்து ஓய்ந்தது. பத்து நிமிஷத்தில் மறுபடி அடித்தது. அவர் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அலுவலகத்தில் செயலாளர் அவருக்காகவே காத்திருந்தார். மைதானத்தின் வரவு செலவு, விருந்து, கார் நிறுத்தும் இடம் என்று எல்லாவற்றையும் பார்ப்பவர் அவர். புல்லைத் தவிர.

"அடிச்சது யோகம்," என்றார் செயலாளர். "போட்டிக் குழுத் தலைவி வியாழக்கிழமை வர்றாங்க. ஆத்தங்கரை மைதானத்தைப் பார்த்துட்டு நேரா இங்க. ரெண்டுல ஒண்ணு அன்னிக்கே முடிவாயிடும். ஆத்தங்கரைக்காரன் என்ன பெரிய ஆளு? வாங்க, நம்ம கிரீனை ஒரு பார்வை பார்த்துடலாம்."

முதல் கிரீனைப் பார்த்ததும் செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. எங்கு பார்த்தாலும் மணல் புள்ளி.

"என்ன இது?"

"துளை போட்டிருக்கு சார்."

"எத்தனை கிரீன்ல?"

"எல்லாத்துலயும்."

செயலாளர் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடிதத்தில் கை வைக்காதே என்று எழுதியிருந்ததா இல்லையா என்று கேட்டார். இருந்தது என்றார் தரைக்காரர். பிறகு செயலாளர் சத்தம் போடாமல் சொன்னதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"ஒன்பது வருஷமா காத்திருந்து வந்த வாய்ப்பு. இது கை நழுவிப் போச்சுன்னா உங்களை வச்சுக்கச் சொல்லி நான் யார்கிட்டயும் பேச முடியாது. வேலை போகும். வேலையோட அந்த வீடும் போகும். புரியுதா?"

அந்த வீடு மைதானத்துக்குச் சொந்தமானது. பன்னிரண்டாவது கிரீனுக்குப் பின்னால், இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக, ஜன்னலைத் திறந்தால் புல் வாசனை வரும் வீடு. இருபது வருஷமாக அங்கேதான் குடியிருக்கிறார். புரியுது என்று தலையாட்டினார்.

மூளையைக் கசக்கிச் செயலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டுப்போன புல்லை மறைக்கத் தெளிக்கும் பச்சைச் சாயம் கிடங்கில் இரண்டு டப்பா இருந்தது. முதல் கிரீனுக்கும் பதினெட்டாவது கிரீனுக்கும் அதைத் தெளித்துவிட்டால் மாடியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். தலைவியை மாடியில் உட்கார வைத்துக் காபி கொடுத்து, அங்கிருந்தே கையைக் காட்டி அனுப்பிவிடலாம்.

"அது காய நேரமாகும் சார். மணல் மேல ஒட்டாது," என்றார் தரைக்காரர்.

"ஒட்டும். ஒட்ட வைங்க."

தெளித்தார். கை தெளித்ததே தவிர மனசு ஒப்பவில்லை. வேலை போகிற பயத்தில் மனுஷன் என்னவெல்லாம் செய்வான், நாமெல்லாம் யோக்கியமா என்ன.

அன்று மாலை மனைவி கேட்டாள், "என்னங்க, அண்ணன் எத்தனை தடவைதான் கூப்பிடுறது? எடுத்துப் பேசுங்களேன்."

"என்ன விஷயமாம்?"

"என்கிட்ட சொல்ல மாட்டேங்குது. உங்ககிட்டதான் சொல்லணுமாம். குரலே சரியில்ல."

"அப்புறம் பேசுறேன்," என்றார் அவர். எந்த அப்புறம் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தட்டில் போட்டது அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தலைவி வந்து இறங்கினார். ஒரு காலத்தில் தானே பெரிய ஆட்டக்காரியாக இருந்தவர். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். காலில் பளிச்சென்று வெள்ளை ஷூ. செயலாளர் வாயெல்லாம் பல்லாகப் போய் நின்றார்.

"வாங்க மேடம், மாடில காபி ரெடியா இருக்கு. அங்கேருந்து பார்த்தா முழு மைதானமும்..."

"காபி அப்புறம்," என்றார் தலைவி. "நான் தரையைப் பார்க்க வந்தேன்." சொல்லிக்கொண்டே முதல் கிரீனுக்குள் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

செயலாளரும் தரைக்காரரும் பின்னால் ஓடினார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தரைக்காரர் முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தார். "மேடம், ஒரு விஷயம்," என்று ஆரம்பித்தார். "இங்க குளம் ரொம்ப அழகு மேடம்," என்று குறுக்கே விழுந்தார் செயலாளர். மறுபடி, "மேடம், கிரீன்ல," என்றார் இவர். "கார் நிறுத்த நானூறு வண்டிக்கு இடம் இருக்கு," என்றார் அவர். இப்படியே கிரீனின் அந்தக் கோடி வரை போய்விட்டார்கள்.

அங்கே நின்று தலைவி தன் காலைப் பார்த்தார். வலது காலைத் தூக்கி ஷூவின் அடியைப் பார்த்தார். பிறகு இடது காலை. வெள்ளை ஷூ கணுக்கால் வரை கிளிப்பச்சையாக இருந்தது. வந்த வழியெல்லாம் சாயம் போன இடத்தில் வெள்ளை மணல் காலடி காலடியாகத் தெரிந்தது.

செயலாளர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துளை போட்டுட்டேன் மேடம்," என்றார் தரைக்காரர். "பதினெட்டுலயும் போட்டுட்டேன். உங்க கடிதத்துக்குக் காத்திருக்கல. மண்ணு தயாரா இருந்துச்சு, விட மனசு வரல. சாயமும் நான்தான் அடிச்சேன். துளை போட்டதுக்காக நான் வெட்கப்படல மேடம். இந்தச் சாயத்துக்குத்தான் வெட்கப்படுறேன்."

சொல்லி முடித்ததும் வீட்டு ஜன்னல் கண்முன்னால் வந்தது. சாமான்களை எந்த வண்டியில் ஏற்றுவது என்று கூட யோசித்துவிட்டார்.

தலைவி முட்டி போட்டு உட்கார்ந்தார். வலது கட்டைவிரலைக் கிரீனில் வைத்து அழுத்தினார். அது சுலபமாக உள்ளே இறங்கியது. எடுத்து, மண்ணைத் தேய்த்துப் பார்த்தார்.

"துளை போட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார். "அதுக்காகத்தான் வந்தேன்."

தரைக்காரருக்குக் காதில் விழுந்தது, புரியத்தான் இல்லை.

"காலைல ஆத்தங்கரை கிரீனைப் பார்த்தேன். படம் மாதிரி இருக்கு. விரல் உள்ள போகல. வெயில் ஏறுது, நாலு நாள் ஆட்டம், அத்தனை பேர் கால் படும். மூணாவது நாள் அது செத்துடும். கடற்கரைல தரை சரியில்லன்னா காத்து மேல பழியைப் போடலாம். உள்ளே தள்ளி இருக்கிற மைதானத்துல காத்து கிடையாது, தரைக்கு ஒளிய இடமே இல்ல. இன்னும் இருபத்து மூணு நாள் இருக்கு. இது ஆறிடுமா?"

"இருபது நாள்ல ஆறிடும் மேடம். நான் ஆற வச்சிடுவேன்."

"அப்போ இங்கதான். அந்தக் கடிதத்தையும் மாத்தணும், யாரோ மேஜையில உட்கார்ந்து எழுதியிருக்காங்க." எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "ஆனா ஷூ எனக்குப் புதுசு வேணும்." இதைச் செயலாளரைப் பார்த்துச் சொன்னார்.

தரைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதே முதல் கிரீனில் அவரும் உட்கார்ந்துவிட்டார். வேலை இருக்கிறது. வீடு இருக்கிறது. ஜன்னல் இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒன்று கேட்டார்.

"துளை விஷயம் உங்களுக்கு யார் சொன்னா மேடம்?"

"கடற்கரைத் தரைக்காரர்தான். புயலுக்கு மறுநாள் போன் பண்ணினார். 'என் மைதானம் போச்சு, ஆனா என் மாப்பிள்ளை போன வாரமே துளை போட்டு முடிச்சுட்டார், தங்கச்சி சொன்னா. இந்த நாட்டுல அந்தத் தேதிக்குத் தயாரா இருக்கப்போற தரை அது ஒண்ணுதான், போய்ப் பாருங்க'ன்னார். முடிவாகிற வரைக்கும் உங்ககிட்ட தவிர யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு நான்தான் சொல்லியிருந்தேன். அவர் உங்ககிட்ட சொல்லலையா?"

தரைக்காரர் கீழே பார்த்தார். பையிலிருந்த போனில் எடுக்காத அழைப்பு பதினேழு.

தலைவியின் கார் கிளம்பிப் போனதும், செயலாளர் ஷூ அளவைக் குறித்துக்கொண்டு உள்ளே போனதும், அவர் ஏழாவது கிரீனுக்கு நடந்தார். அங்கே யாரும் இல்லை. போனைப் போட்டார். ஒரே மணியில் மச்சான் எடுத்துவிட்டார்.

"பேச வாய் இருக்கா மாப்பிள்ளை? இல்ல வாய்க்கும் பச்சை அடிச்சுட்டீங்களா?"

"மேடம் சொல்லிட்டாங்களா?"

"கார்ல ஏறினதுமே சொல்லிட்டாங்க. நானும் மூணு நாளா சிரிக்கவே இல்ல, இன்னைக்குத்தான் சிரிச்சேன்."

தரைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "மச்சான், நீங்க முதல்லயே மேடத்துகிட்ட பேசினதைச் சொல்லத்தான் இத்தனை தடவை கூப்பிட்டீங்களா?"

"பின்னால கூப்பிட்டது எல்லாம் அதுக்குத்தான்," என்றார் மச்சான். "முதல் தடவை அதுக்கு இல்ல. முதல் தடவை கூப்பிட்டப்போ சாம்பியன்ஷிப் ஞாபகமே இல்ல மாப்பிள்ளை. பதினாறாவது கிரீன் இருந்த இடத்துல முட்டி அளவு தண்ணில நின்னுட்டிருந்தேன். பதினோரு வருஷம் நான் வளர்த்த புல். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. வந்தவங்க எல்லாம் இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டாங்க. புல்லுன்னா என்னன்னு தெரிஞ்ச ஆளு எனக்கு நீங்க ஒருத்தர்தானே."

தரைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாக உள்ளே கிடந்து அரித்ததை இனி வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

"மச்சான், டிவில பார்த்ததும் எனக்கு முதல்ல சந்தோஷம்தான் வந்துச்சு. அதான் போனை எடுக்க முடியல. மன்னிச்சிடுங்க."

மறுபக்கம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. போச்சு, உள்ளதும் போச்சு என்று நினைத்தார்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் மச்சான். "உங்க குளம் வத்தி, புல்லெல்லாம் காஞ்சு போச்சே ஒரு வருஷம், அன்னிக்கு நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் முழுக்க. நீங்க மூணு நாள்லயே சொல்லிட்டீங்க. நான் ஆறு வருஷமா சொல்லாம வச்சிருந்தேன்."

அப்போதுதான் தரைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கமும் சிரிப்பு கேட்டது. இரண்டு பேரும் மூச்சு வாங்கும் வரை சிரித்தார்கள். தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் யந்திரத்தை நிறுத்திவிட்டு, கட்டைவிரலுக்கு என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்.

"என் ஆளுங்க பதினோரு பேர் இங்க சும்மா உட்கார்ந்திருக்காங்க," என்றார் மச்சான். "மணலைத் துளைக்குள்ள தேய்க்கிறதுல எங்களை மிஞ்ச ஆளு கிடையாது. கூட்டிட்டு வரட்டுமா?"

"திங்கட்கிழமை வாங்க. நீங்க நம்ம வீட்டுலயே தங்கலாம், அவ சந்தோஷப்படுவா. கோப்பை கொடுக்கிற அன்னைக்கு நீங்களும் என் பக்கத்துல நிக்கணும்."

"உங்க தோட்டத்துலயா? நிக்கிறேன், என்ன செய்யறது."

பேச்சு முடிந்த மாதிரி இருந்தது. மச்சான் போனை வைக்கப் போனார். தரைக்காரர் ஏழாவது கிரீனின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வைக்காதீங்க மச்சான். அந்தப் பதினாறாவது கிரீனைப் பத்திச் சொல்லுங்க."

"இப்பவா? வேலை இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. நீங்க சொல்லுங்க."

மச்சான் சொல்ல ஆரம்பித்தார். முதல் விதை தூவிய நாளிலிருந்து ஆரம்பித்தார். தரைக்காரர் கட்டைவிரலை மண்ணில் வைத்தபடி, ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.